மந்திரமும் தம்மமும்

(ஸ்ரீவராகத்தில் பௌர்ணமிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய அறவுரை)

சில திங்களுக்கு முன் நம்மவருள் ஒரு தாய் அந்தி வேளையில் என் இல்லம் தேடி வந்தாள். அவளுடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. திடீரென்று கண் செருகிக் கீழே விழுகிறான். கைகால் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. யாரோ ஒரு மாந்திரீகன் பார்த்துவிட்டு, “இஃது ஏவல், பகையாளி செய்த வேலை, எடுத்துப் போட முப்பதாயிரம் ரூபாய் ஆகும்” என்றானாம். அவள் வீட்டு வேலை செய்து பிழைப்பவள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அண்ணாச்சி, நாம் திரிசரணம் சொன்னவர்கள். அவனிடம் போக எனக்கு மனம் வரவில்லை. நம் புத்தர் மந்திரத்தை ஓதி நீங்களே ஒரு கயிறு கட்டிவிடுங்கள். அதுவே போதும்.”

அன்பர்களே! அக்கணத்தில் நான் வாயடைத்துப் போனேன். கட்ட மாட்டேன் என்றால், அவள் கம்மல் அன்றிரவே மாந்திரீகன் வீட்டுக்குப் போய்விடும். கட்டினால், நானும் ஒரு மாந்திரீகன் ஆகிவிடுவேன். நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், மந்திரம் என்பது யாது, இக்காலத்தில் அது எந்தெந்த உருவில் உலவுகிறது, இனி அது எங்கே செல்லும், நம் தம்மம் அதன் எதிரில் எவ்விடத்தில் நிற்கிறது என்பவற்றை ஆராய்வோம். நான் பள்ளியில் நெடுநாள் படித்தவன் அல்லேன். மில்லில் இராச் சங்குக்கும் பகற் சங்குக்கும் இடையே கிடைத்த நேரத்தில் படித்தவன். குறை இருப்பின் பொறுத்தருள்க.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கும் இதே நோய். அப்போது நான் நூற்பாலையில் ஸ்பின்னிங் கண்டில் சைடு பார்த்துக்கொண்டிருந்த இளைஞன். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். மிளகாய்ப் புகை போட்டார்கள், பிரம்பால் அடித்தார்கள். அடித்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டவன் நான். மூன்று மாதக் கூலியைக் கொடுத்து ஒரு செப்புத் தகடு வாங்கி அவள் கழுத்தில் கட்டினேன். “ஒரு மண்டலம் கழிந்தால் முற்றும் நீங்கிவிடும்” என்றான் அவன். நாற்பத்தொரு நாளும் கழிந்தன. நோய் போயிற்று என்று நம்பி, ஊர்க் குளத்துக்கு அவளைத் தனியே குளிக்க விட்டோம். தண்ணீரில் நிற்கும்போது வலிப்பு வந்தது. அவள் திரும்பி வரவில்லை. நான் அவனிடம் போய்க் கதறினேன். அவன் சற்றும் கலங்காமல், “தகட்டைத் தீட்டோடு கட்டியிருப்பீர்கள்” என்றான்.

இன்றும் இங்குள்ள வராகப் பெருமான் கோவிற் குளப்படியில் நிற்கும்போது, பரந்த அந்நீரைப் பார்த்தால் எனக்கு அவள் முகம் தோன்றும். இப்போது அவன்மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் அவன் சொன்ன அந்த விடையை நான் மறக்கவில்லை. மந்திரம் ஒருபோதும் தவறுவதில்லை. தவறுவது எப்போதும் நம்பியவனே! இதுவே மாந்திரீகத்தின் முதல் இலக்கணம் என்று அன்று கற்றேன்.

மில்லில் நூல் அறுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஒரே கதிரில் திரும்பத் திரும்ப அறுந்தால், அந்தக் கதிரின் டிராவலர் தேய்ந்ததா என்று பார்ப்போம். வரிசை முழுவதும் அறுந்தால், காற்றில் ஈரம் குறைந்ததா, பஞ்சின் கலப்பில் குறையா என்று பார்ப்போம். காரணத்தை மாற்றினால் காரியம் மாறும். பகவன் புத்தர் அருளிய சார்பிற் றோற்றக் கோட்பாட்டை நான் முதன்முதலில் அறிந்தது ஏட்டில் அன்று, இயந்திரத்தின் முன்னேதான். ஆயினும் அதே மில்லில், ஆயுத பூசை நாளில் ஒவ்வோர் இயந்திரத்தின் முன்பும் பூசணிக்காய் உடைபட்டது. திருஷ்டி கழிந்தது, ஆனால் பல்சக்கரத்துக்கு மூடி போடப்படவில்லை, பையன்களின் விரல்கள் போய்க்கொண்டே இருந்தன. தொழிலாளர் கூடி நின்று கேட்ட பின்புதான் மூடி வந்தது. மூடி வந்த பின் விரல் போகவில்லை. பூசணிக்காயோ இன்றும் உடைபடுகிறது!

இனி உலகத்தைப் பார்ப்போம். மந்திரம் என்றால் கல்லாத ஏழைகளின் மடமை என்று சிலர் நினைக்கின்றனர். அஃது உண்மை அன்று. கற்றறிந்த மேனாட்டார் நடுவே சென்ற நூற்றைம்பது ஆண்டுகளாக மறைபொருட் சங்கங்கள் பல தோன்றியிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கும் நமக்கும் நெருங்கிய உறவு உண்டு.

முதலாவது, பிரம்மஞான சபை. 1875ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிறரும் கூடி நிறுவியது. 1880 மே 25ஆம் நாள் அவ்விருவரும் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றனர். 1882இன் இறுதியில் சபை சென்னை அடையாற்றில் குடியேறியது. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் எழுதிய கடிதங்கள் அங்கே ஒரு பேழையில் தாமே வந்து விழுவதாகச் சொல்லப்பட்டது. 1884இல், அங்கே பணிபுரிந்த தம்பதியர் அவையெல்லாம் சூழ்ச்சி என்று குற்றம் சாட்டினர். மறு ஆண்டு லண்டன் ஆவியாராய்ச்சிக் கழகத்தின் சார்பில் ஹாட்ஜ்சன் என்பார் விசாரித்து, அம்மையாரை ஏமாற்றுக்காரர் என்று எழுதினார். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1986இல் அதே கழகத்தின் இதழில் ஹாரிசன் என்னும் அறிஞர் அவ்விசாரணை நடுநிலையானது அன்று என்று மறுத்தெழுதினார். ஆகவே அக்கடிதங்களின் வழக்கு இன்றும் தீரவில்லை.

ஆனால் தீர்ந்த விஷயம் ஒன்று உண்டு. 1882இல் ஆல்காட் துரை இலங்கையில் கைவருடலால் நோய் தீர்ப்பதாகக் கேட்டுப் பெருங்கூட்டம் கூடிற்று. அதை இன்று நினைப்பவர் எத்தனை பேர்? அவர் தூண்டுதலால் எழுந்த பௌத்தப் பள்ளிகளோ இன்றும் நிற்கின்றன. 1886இல் கொழும்பில் தொடங்கிய ஆனந்தா கல்லூரி அவற்றுள் ஒன்று. 1894 முதல் சென்னையில் நம்மவர் பிள்ளைகளுக்கென அவர் இலவசப் பள்ளிகள் திறந்தார். 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் அவரை நாடி, இலங்கை சென்று, பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பேழையில் விழுந்த கடிதம் நமக்கு ஒன்றும் தரவில்லை. பள்ளிக்கூடத்துச் சிலேட்டும் பலப்பமும் தந்தன.

மற்றொன்றும் கேளுங்கள். 1884இன் இறுதியில், அநகாரிக தர்மபாலர் எனப் பின்னாளில் புகழ்பெற்ற இருபது வயது இளைஞர், மறைவித்தை கற்கும் ஆவலோடு பிளவாட்ஸ்கி அம்மையாருடன் அடையாறு வந்தார். அம்மையார் அவருக்கு என்ன சொன்னார் தெரியுமா? மறைவித்தை வேண்டா, பாலி மொழியைக் கற்றுக்கொள் என்றார். மறைவித்தையின் ஆசிரியையே தம் மாணவரைத் தம்ம நூலின்பால் திருப்பிவிட்டார்! அதே சபையில் 1909இல் ஜட்டு கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவரைக் கண்டெடுத்து, வரப்போகும் உலகாசிரியருக்கு இவரே உடல் என்றனர்; 1911இல் அவருக்கென ஒரு சங்கமும் அமைத்தனர். அவரோ 1929 ஆகஸ்டு 3ஆம் நாள், ஹாலந்து நாட்டின் ஓமன் நகரில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அச்சங்கத்தைக் கலைத்துவிட்டார். தம்மைக் கடவுளாக்க வந்த மேடையிலிருந்து தாமே இறங்கி வந்தது பேராண்மை அன்றோ?

இரண்டாவது, 1888இல் லண்டனில் தோன்றிய பொன்விடியல் சங்கம். யந்திரம், சக்கரம், தேவதைப் பெயர், படிப்படியான தீட்சை ஆகிய யாவும் அங்கே உண்டு. கவிஞர் ஈட்ஸ் முதலிய கல்விமான்கள் அதில் உறுப்பினர். அச்சங்கத்து நண்பர் இருவரின் கதையை நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஒருவர் அலன் பென்னெட். மற்றவர் அலிஸ்டர் குரோலி. பென்னெட் சடங்கு மந்திரத்தில் தேர்ந்தவர்; குரோலிக்கு ஆசிரியர் போன்றவர். ஆனால் ஈளை நோயால் வருந்தியவர், ஏழை. அவர் 1900இல் இலங்கைக்கு வந்தார். அங்கே நம் தமிழராகிய பொன்னம்பலம் இராமநாதனின் மக்களுக்கு ஆசிரியராய் இருந்தார். 1901இல் குரோலி இலங்கைக்கு வந்தபோது இருவரும் கண்டியில் ஒன்றாக யோகம் பயின்றனர். பின்னர் வழி பிரிந்தது.

பென்னெட் பர்மாவுக்குச் சென்று சீவரம் உடுத்து, 1902 வைசாகத்தில் பிக்கு ஆனந்த மெத்தேயர் ஆனார். 1908இல் இங்கிலாந்துக்குத் தம்மத்தைக் கொண்டுசென்ற பிக்கு அவரே. நோய் முற்றியதால் 1914இல் சீவரம் களைந்தார். ஆயினும் எழுத்துப் பணியை விடவில்லை. 1923இல் வறுமையில் மாண்டார். குரோலியோ, இச்சைப்படி உலகை மாற்றும் கலையே மந்திரம் என்று இலக்கணம் வகுத்து, நூல் பல எழுதிப் புது மதம் ஒன்றையே கண்டார். அவருக்கும் ஈளை நோய் வந்தது. அதற்கு மருந்தாகத் தொடங்கிய அபினிச் சத்து 1947இல் அவர் இறக்கும்வரை அவரைப் பற்றிநின்றது. இருவர்க்கும் ஒரே நோய். இருவர்க்கும் ஒரே வித்தை. நோய் இருவரையும் விடவில்லை. ஆனால் ஒருவர் இச்சையை நிறைவேற்றக் கற்றார். ஒருவர் இச்சையை அறியக் கற்றார். வேறுபாடு அவ்வளவே, அவ்வளவும் அதுவே.

மூன்றாவது, விக்கா என்னும் சூனியக்காரியர் சமயம். இதைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் 1900இல் பதினாறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பின்பு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும், 1954இல் நூல் எழுதித் தம் வழியை வெளிப்படுத்தினார். எவருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது இவர்களின் முதன்மை விதி. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேர் தம்மை விக்கா என்றே எழுதிக்கொண்டனர். ஒருகாலத்தில் சூனியக்காரி என்று பெண்களைத் தூக்கிலிட்ட நாட்டில் இன்று அதையே ஒரு சமயமாகப் பதிவு செய்கின்றனர்.

நான்காவது, 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பீட்டர் கரோல் முதலியோர் தொடங்கிய குழப்ப மந்திரம். இவர்கள் விந்தையானவர்கள். தேவதை இல்லாவிட்டாலும் குற்றம் இல்லை, நம்பிக்கையே கருவி, இன்று ஒன்றை நம்பு, நாளை அதை எறிந்துவிட்டு வேறொன்றை நம்பு என்பது இவர்கள் கொள்கை.

இந்நான்கையும் வரிசையாய் வைத்துப் பாருங்கள். முதலில் மந்திரம் இமயத்து மகாத்மாவிடம் இருந்தது; பிறகு சங்கத்தின் தீட்சையில் இருந்தது; பிறகு இயற்கையின் பருவங்களில் இருந்தது; இறுதியில் மனிதனின் மனத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. மேனாட்டு மந்திரம் நூறாண்டு நடந்து வந்து சேர்ந்த அந்த வாசலில், நம் பகவன் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். மனமே முன்னோடி என்பது அவர் போதனையின் தொடக்கம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனமே மூலம் என்று கண்ட மாந்திரீகன், ஆயின் அதை வைத்து எதைப் பெறலாம் என்று கேட்கிறான். மனமே மூலம் என்று கண்ட பௌத்தன், ஆயின் இதில் எதைக் களையலாம் என்று கேட்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சுவர்களில் ‘மலையாள மாந்திரீகம்’ என்று விளம்பரம் காண்பீர்கள். அந்த மலையாள நாட்டிலேயே வாழும் நாம், இங்குள்ளோரும் அதே அச்சத்தோடு அலைவதை அறிவோம். சூரியகாலடி, காட்டுமாடம் முதலிய மனைகள் மந்திரவாதத்துக்குப் பேர்போனவை. கடமற்றத்துக் கத்தனார் என்னும் கிறித்தவப் பாதிரியாரும் இங்குள்ள ஐதிகங்களில் பெரிய மந்திரவாதி. ஆனால் பெரிய மனைகளின் கதையோடு சேராத கதை ஒன்று உண்டு. அது நம் முன்னோர் கதை. மலபாரில் பறையர், பாணர் முதலிய எளிய குலத்தார் ‘ஒடி’ வித்தை அறிந்தவர், இரவில் விலங்குருவம் எடுத்து ஆளைக் கொல்பவர் என்று அஞ்சப்பட்டனர். பகலில் அருகே வராதே என்றவன், இரவில் அவர்தம் குடிசை வாசலில் பகைவனைக் கெடுக்கக் கூலி பேசினான். கேடு நேர்ந்தால் ஒடியன் என்று அவரையே அடித்துக் கொன்றான்.

நம் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, நம் பாட்டன்மார் கையில் இருந்த ஒரே வலிமை அந்த அச்சம்தானே? அதையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?” நெஞ்சில் தைத்த கேள்வி. நான் சொன்ன விடை இது: பிறர் அச்சத்தின்மேல் நிற்கும் வலிமை, அவ்வச்சம் சினமாக மாறும் நாளில் நம் உயிரைக் கேட்கும். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் நமக்குத் தந்தது வேறு வலிமை. அதற்கு இரவும் வேண்டா, இருட்டும் வேண்டா.

அச்சம் இன்றும் யாருடைய உயிரைக் கேட்கிறது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2022 அக்டோபரில், பத்தனந்திட்டை மாவட்டத்து எலந்தூரில், செல்வம் பெருகும் என்று சொல்லி இரு பெண்கள் பலியிடப்பட்டதாகக் காவல்துறை வழக்குத் தொடுத்தது. இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்த ஏழைகள். அவருள் ஒருத்தி தர்மபுரியிலிருந்து பிழைக்க வந்த தமிழ்ப் பெண். முகநூலில் பொய்ப்பெயர் ஒன்றைப் புனைந்தே அவ்வீட்டார் வலையில் வீழ்த்தப்பட்டனர் என்பதும் குற்றச்சாட்டு. அன்பர்களே! கல்வியில் உயர்ந்ததென்று நாம் பெருமை பேசும் மாநிலம் இது. எழுத்தறிவு வேறு, அச்சம் நீங்குதல் வேறு.

சட்டம் வேண்டும். 1954ஆம் ஆண்டே மந்திர மருந்து விளம்பரங்களுக்கு எதிராக நடுவணரசு சட்டம் இயற்றியது. மகாராட்டிரத்தில் நரேந்திர தாபோல்கர் பல்லாண்டு போராடி, 2013 ஆகஸ்டு 20இல் சுட்டுக் கொல்லப்பட்ட பின்பே அங்கு மாந்திரீகக் கொடுமைத் தடைச் சட்டம் வந்தது. கர்நாடகம் 2017இல் இயற்றியது. திருவல்லாவில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், தெய்விக ஆற்றலை மெய்ப்பிப்பவர்க்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை ஒருவரும் அதைப் பெறவில்லை. சட்டமும் அறைகூவலும் பயன்படும். ஆனால் பாதி இரவில் மகன் தரையில் விழுந்து துடிக்கும்போது அந்தத் தாயின் பக்கத்தில் சட்டம் உட்காருவதில்லை. மாந்திரீகன் உட்காருகிறான். அங்கே நாம் உட்கார வேண்டும் என்பதே என் பேச்சின் கருத்து.

தம்மம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? நாளந்தாவில் கேவத்தன் என்னும் இல்லறத்தான், பிக்குகள் சித்து விளையாட்டுக் காட்டினால் ஊரார் நம்புவார்களே என்று பகவனை மும்முறை வேண்டினான். பகவன் மறுத்தார். வானில் பறப்பவனைக் கண்டால், நம்பாதவன் இது காந்தாரி வித்தை என்று தள்ளிவிடுவான். ஆகையால் சித்தில் நான் இடரையே காண்கிறேன், அதை அருவருக்கிறேன் என்றார். மனிதன் தீயதை விட்டு நல்லதைப் பற்றும்படி போதிப்பதே உண்மையான அற்புதம் என்றார். அந்தச் சூத்திரத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. பூதங்கள் நான்கும் எங்கே ஒடுங்கும் என்று ஒரு பிக்கு பிரமலோகம்வரை சென்று கேட்டார். மகாபிரமன், “நானே அனைத்தையும் அறிந்தவன்” என்று மும்முறை முழங்கினான், பிறகு பிக்குவின் கையைப் பிடித்து ஓரமாய் அழைத்துப் போய், “தேவர்கள் முன்னிலையில் சொல்ல முடியவில்லை, எனக்கும் தெரியாது, பகவனையே போய்க் கேளும்” என்றான்! மறைபொருட் சங்கத் தலைவர் பலருக்கும் இக்கதை பொருந்தும். நாள் பார்த்தல், கைரேகை பார்த்தல், குறி சொல்லுதல், மந்திரித்தல் ஆகியவற்றால் வயிறு வளர்ப்பதைப் பகவன் பிக்குகளுக்குத் தகாத தொழில் என்று விலக்கினார்.

ஆயினும் ஒன்றை மறைத்துப் பேசுவது பொய்யாகும். பௌத்தருக்குள்ளும் மந்திரம் இருந்தது, இருக்கிறது. தென்னாட்டினராகிய வச்சிரபோதி எட்டாம் நூற்றாண்டில் சீனம் சென்று மந்திர நெறியைப் பரப்பினார். இலங்கையில் பரித்தம் ஓதி நூல் கட்டுகின்றனர். மிலிந்தன் கேள்விகளிலேயே, வினையின் தடையும் மாசின் தடையும் நம்பிக்கையின்மையும் இருந்தால் பரித்தம் காவாது என்று நாகசேனர் கூறியிருக்கிறார். நம் மணிமேகலையிலும் மந்திரம் உண்டே! வேற்றுருக் கொள்ளவும், வானில் செல்லவும், பசி நீக்கவும் மூன்று மந்திரங்களைத் தெய்வம் அவளுக்குத் தந்தது.

அம்மந்திரத்தால் விளைந்தது யாது? உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகையின் வடிவம் கொண்டாள். காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே மயங்கினான். அரசிளங்குமரனை வாளால் வெட்டினான். ஒரு மந்திரம், ஒரு மயக்கம், ஓர் உயிர் போயிற்று. ஆனால் அவள் கையில் இருந்த அமுதசுரபி என்ன செய்தது? பசித்தவர்க்குச் சோறிட்டது; சிறைக்குள் சென்றது; அரசன் மனம் இளகிச் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. சாத்தனார் இவ்விரண்டையும் அருகருகே வைத்தார். அமுதசுரபியும் அற்புதந்தானே என்பீர்கள். ஆம், ஆனால் அதன் பயன் பிறர் வயிற்றில் விழுந்தது, எவரையும் மயக்கவில்லை.

ஆகவே, எந்தப் பெயரோடு எவன் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: இவன் என்னை யாருக்கு அஞ்சச் சொல்கிறான்? பகையாளி பெயரைச் சொல்லி அண்டை வீட்டானை வெறுக்கச் செய்பவன் விஷத்தை விதைக்கிறான். இரண்டு: என் துன்பத்தால் யார் பொருள் பெறுகிறார்? மூன்று: இது பலிக்காவிட்டால் பிழை யாருடையது? மருத்துவர் மருந்து கேளாவிட்டால் மருந்தை மாற்றுவார். மாந்திரீகன் உன்னையே குற்றவாளி ஆக்குவான். இம்மூன்றையும் நம்மிடமும் கேளுங்கள், என்னிடமும் கேளுங்கள். விடை சொல்ல முடியாத நாளில் நான் இங்கே பேசத் தகுதியற்றவன்.

மந்திரத்தின் எதிர்காலம் யாது? அது அழியாது என்றே கருதுகிறேன். ஏடு போய்க் கைபேசி வந்திருக்கிறது. சாதகம் கைபேசியில் கணிக்கப்படுகிறது. தியானத்தைக்கூடச் செல்வம் ஈர்க்கும் வித்தையாய் விற்கின்றனர். துன்பத்துக்குக் காரணம் தெரியாத இடத்தில், துணைக்கு ஆள் இல்லாத இடத்தில், மந்திரம் முளைத்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடுங்குவதால் மட்டும் பயன் இல்லை. அது முளைக்கும் தனிமையை நிரப்ப வேண்டும்.

இப்போது அந்தத் தாயிடம் திரும்புகிறேன். அன்றிரவு அவளோடு அமர்ந்து மெத்த சூத்திரத்தை ஓதினேன். மறுநாள் காலை மூவராய் மருத்துவமனைக்குப் போனோம். இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் வலிப்பு நோய்க்கென்றே தனிப்பிரிவு உண்டு. நூற்றுக்கு எழுபது பேர்வரை மருந்தாலேயே வலிப்பின்றி வாழலாம் என்பது இன்றைய மருத்துவத் துணிபு. என் தங்கைக்கும் அந்த மாத்திரை இருந்தது; நான் அறியவில்லை. அடுத்த பௌர்ணமியில் பையன் கையில் வெள்ளைக் கயிறு கட்டினேன். ஆம், கட்டினேன். “தம்பி, இது காவல் அன்று, இது நினைவு. இதைக் காணும்போதெல்லாம் மாத்திரை விழுங்கினேனா என்று உன்னைக் கேட்டுக்கொள். நோய் நீங்கினால் இதைப் புகழாதே, கயிறு அறுந்தால் அஞ்சாதே” என்றேன். காசு வாங்கவில்லை. குளத்துக்குத் தனியே போகாதே என்று மட்டும் மும்முறை சொன்னேன். இன்றுவரை இருமுறைதான் வலிப்பு வந்தது. கம்மல் அவள் காதில் இருக்கிறது.

நம் சங்கத்தார் இருவர் என்னைக் கடிந்துகொண்டனர். “இன்று நினைவு என்பீர், நாளை உங்கள் கயிற்றுக்குச் சக்தி உண்டென்று ஊர் கூடும்” என்றனர். அவர்கள் அச்சம் நியாயமானது. இனி யார் கேட்டாலும் கயிறு கட்டுவதில்லை என்று இக்கூட்டத்தின் முன் உறுதி கூறுகிறேன். கட்டியது பிழையாயின் அது தம்மத்தின் பிழை அன்று, என் பிழை. ஆனால் அதற்கு ஈடாக ஒன்றை உங்களிடம் கேட்கிறேன். நம்மில் எந்த வீட்டில் இரவில் அழுகுரல் எழுந்தாலும், விடியுமுன் மூவர் அங்கே இருக்க வேண்டும்: ஒருவர் உடனிருந்து ஆறுதல் சொல்ல, ஒருவர் மருத்துவமனைக்கு உடன் போக, ஒருவர் வீட்டில் அடுப்பு மூட்ட. அப்படி மூவர் கிடைக்கும் ஊரில் மாந்திரீகனுக்கு வேலை இல்லை.

இப்போது முதல் மூவராக யார் பெயர் தருகிறீர்கள்? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

அனைவர்க்கும் நலம் உண்டாகுக. நமோ புத்தாய!